இரண்டு இடது இறக்கைகள்

சொட்டு விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் கவ்விக்கொள்ளும் பசைக் குப்பி மேஜை இழுப்பறையில் சும்மாதான் கிடந்தது. தையல்நாயகி அதை எடுக்கவில்லை. காய்வதற்கு ஒரு மத்தியானத்தையே தின்றுவிடும் வெள்ளைப் பசையைத்தான் எடுத்தாள். பழைய கட்டை, சொட்டுப் பசையின் சூட்டைத் தாங்காது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அதுதான் காரணமா என்று யாராவது கேட்டால் அவளால் சத்தியம் பண்ண முடியாது. மேஜைமேல் ஒரு முழ நீளத்துக்கு விமானம் கிடந்தது. இடது இறக்கை என்றைக்கோ ஒட்டியது, காகிதம் பழுப்பேறி டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி ஆகியிருந்தது. வலது இறக்கையை இப்போதுதான், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஒட்டியிருந்தாள். அது சாய்ந்துவிடாமல் இருக்க நுனிக்குக் கீழே ஒரு பருப்பு டப்பாவும், இணைப்பில் இரண்டு துணி கிளிப்பும். காற்றில் ஆடக் கூடாது என்று ஹாலில் ஃபேனை நிறுத்தியிருந்தாள். கழுத்திலிருந்து வியர்வை முதுகுக்குள் இறங்கியது. பொழிச்சலூரில் மொட்டை மாடியை உரசிக்கொண்டு இறங்குகிற நிஜ விமானங்கள் வேறு, ஒவ்வொன்றும் வரும்போது ஜன்னல் கம்பி கிர்ரென்று அதிரும், உடனே இவள் இரண்டு உள்ளங்கையாலும் இறக்கையைப் பொத்திக்கொள்வாள், தொட்டில் பிள்ளையை இடிச்சத்தத்திலிருந்து காப்பாற்றுகிற மாதிரி. மேலே போகிறதில் இருநூறு பேர் இருப்பார்கள், அவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இது ஒட்ட வேண்டும். நாலு மணிக்குள் ஒட்டி, கொக்கியில் தொங்கி, ஜெயசீலன் உள்ளே வந்து தலையை நிமிர்த்தினால் முழுசாகத் தெரிய வேண்டும். நிமிர்த்துவானா? நிமிர்த்துவாரா?

“தையலு, ஹால்ல ஃபேன் ஓடலையே, கரண்ட் போயிடுச்சா?” என்று படுக்கையறையிலிருந்து சிவக்கொழுந்து குரல் கொடுத்தார். தூங்குகிறேன் என்று போய்ப் படுத்த மனுஷன், ஆனால் வீட்டில் எந்த ஃபேன் ஓடுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே அவருக்குத் தெரியும். டெலிபோன் டிபார்ட்மெண்டில் வாழ்நாள் முழுக்க லைன் பழுது பார்த்த காது. “இருக்கு, நான்தான் நிறுத்தினேன்” என்றாள். “வர்ற விருந்தாளியை வேக வச்சு அனுப்பறதா உத்தேசமா?” “வர்றதுக்குள்ள போட்டுடுவேன். நீங்க தூங்குங்க.” “தூங்கிட்டுத்தானே பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. நல்ல மனுஷன். சீலிங்கில் இத்தனை கொக்கிகளையும் டிரில் போட்டு அடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஏழோ எட்டோ விமானம் தொங்குகிறது, இன்னும் பரணில் அட்டைப் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பேரப் பிள்ளைகளுக்கா என்று கேட்பார்கள். “இல்லைங்க, இவளுக்குத்தான்” என்று அவர் முந்திக்கொண்டு, ஏதோ பெண்டாட்டி கச்சேரி பண்ணுகிற மாதிரி பெருமையாகச் சொல்வார். கல்யாணமான புதிதில், பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் வீட்டுக்கு வந்தும் ராத்திரியில் படம் போடுகிறாளே என்று எட்டிப் பார்த்து, அது விமானத்தின் படம் என்று தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் இந்த ஒன்றைப் பற்றி, இந்த ஒற்றை இறக்கையைப் பற்றி, அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. பாதியில் விட்டது என்று நினைத்திருப்பார். பாதியில் விட்டதுதானே, வேறென்ன.

வியாழக்கிழமை போன் வந்தது. மெட்ரோ தண்ணீர் வந்த நேரம், ஒரு கையில் குடம். “தையல்நாயகிங்களா? நான் ஜெயசீலன். மன்னார்குடி. பக்கத்து வீடு.” குரல் தடித்துப்போயிருந்தது. மூன்றையும் மூன்று தனித் தனிச் சீட்டு மாதிரிப் போட்டான். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது, அவள் குழாயை மூடவில்லை. பொண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறதாம், மாப்பிள்ளை வீடு பம்மலாம், இவள் நம்பரை இவளுடைய சித்தப்பா மகனிடம் வாங்கினானாம். “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நானும் வீட்லயும் வந்து பத்திரிகை வச்சுட்டுப் போறோம். வீட்ல இருப்பீங்கல்ல?” இருப்பீங்க. அவளையும் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொன்னதா, அவளுக்கு மட்டும் போட்ட மரியாதையா? அந்த நாளிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும், பாத்திரம் தேய்க்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். போடா சீலா என்று கொல்லைச் சுவரைத் தாண்டிக் கத்தியவள், அன்றைக்கு நீ என்றும் சொல்லாமல் நீங்க என்றும் சொல்லாமல், “இருப்போம், வாங்க எல்லாரும்” என்று சமாளித்துவிட்டாள். விமானத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னார்குடி வீடு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். வித்தாச்சு என்றாள். ஓஹோ என்றான். ஒருவேளை மறந்திருப்பான். மறந்திருந்தால் தப்பா? ஒரு ரப்பர் பேண்ட் விமானம், அதுவும் பறக்காத விமானம். பொண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுக்கப் போகிற மனுஷன் அதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு திரிவானா? வருவான், தட்டில் வெற்றிலை பாக்கு பத்திரிகை வைத்துக் கொடுப்பான், அவசியம் வரணும் என்பான், கேசரி இரண்டு ஸ்பூன், சர்க்கரை இருக்குங்க என்று மீதியை ஒதுக்குவான், போய்விடுவான். நெய் அதிகமாகிவிட்டதோ? கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பசை இன்னும் பாலாகத்தான் இருந்தது.

அந்த விமானப் பெட்டி சிங்கப்பூரிலிருந்து வந்தது, சீலனின் மாமா கொண்டுவந்தது. தைலமும் குடையும் லுங்கியுமாக அடைத்த சூட்கேஸின் அடியில் தட்டையாக ஒரு அட்டைப் பெட்டி. மூடியில் நீல வானம், அதில் மஞ்சள் விமானம். உள்ளே விமானம் இல்லை! அவளும் சீலனும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். தட்டை தட்டையாக மரத் தகடு, எடையே இல்லாத மரம், நகம் பட்டால் பதியும். ஒரு சுருள் மெல்லிய காகிதம், ஒரு ரப்பர் வளையம், ஒரு பிளாஸ்டிக் காற்றாடி, நாலாக மடித்த வரைபடம். அவ்வளவுதான். விமானத்தை நாம்தான் பண்ண வேண்டும் என்பது புரிந்தபோது சீலன் முகம் தொங்கிப்போனது, ஏமாத்திட்டாங்கடி என்றான். அவளோ அதற்குள் நாலு மடிப்பையும் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். அந்த வரைபடத்தைத் தரையில் விரித்ததும், கோடு கோடாக, மீன் முள்ளைப் படுக்க வைத்த மாதிரி இறக்கையின் விலா எலும்புகள். அந்த வாசனை, அந்த மரத்தின் வாசனை, பச்சரிசியைப் போல ஒன்று, அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டி வாங்கிவிட்டாள், பிரிக்கும்போதெல்லாம் முகர்ந்துதான் பார்க்கிறாள், அது மட்டும் வருவதில்லை. உடலை இரண்டு பேரும் சேர்ந்து அவன் வீட்டு மொட்டை மாடியில் பண்ணி முடித்தார்கள். அந்த வாரமே அவள் வயசுக்கு வந்துவிட்டாள். சனியன், ஒரு பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. கொல்லைப்புற அறையில் தனித் தட்டு, தனிப் பாய். மாமன் வீட்டிலிருந்து புட்டு, அத்தை வீட்டிலிருந்து உளுந்தங்களி. தின்று தின்று படுத்திருந்தாள். இனிமேல் மொட்டை மாடி கிடையாது, பையன்களோடு உட்காருவது கிடையாது என்று அம்மா சொன்னது ஒரு வரிதான். சீலனின் அம்மாவும் களி கிண்டிக் கொண்டுவந்தாள். தூக்குவாளிக்கு அடியில், கூடையில், “உன் கிளாஸ் மேப்பாம், சீலன் கொடுக்கச் சொன்னான்” என்று மடித்த வரைபடம். அதற்குள் இறக்கைக்கு வேண்டிய மரத் தகடு. ஓரத்தில் பென்சிலால், ஆளுக்கு ஒரு இறக்கை, என்று எழுதியிருந்தான்.

ஆளுக்கு ஒரு இறக்கை. யாருக்கு எது என்று எழுதவில்லை, மக்கு. எழுதத் தோன்றாத அவன் மக்கா, கேட்கத் தோன்றாத இவள் மக்கா? வரைபடத்தில் இருந்ததே ஒரு இறக்கைதான். இடது. வலது பக்கம் காகிதத்தின் ஓரத்தோடு அறுந்துபோயிருந்தது. அதை மறுபக்கமாகப் புரட்டி அடுத்ததைப் பண்ணிக்கொள் என்பது அந்த வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், இவர்கள் இரண்டு பேருக்கும் யார் சொல்வது? அவள் எண்ணெய்க் காகிதம் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்பினாள். இரண்டு பக்கமும் தெரிகிற காகிதம்! கையிலேயே இருந்தது. புரட்டிப் போட்டிருந்தால் வலது அங்கேயே இருந்தது. பிற்பாடு ஆபீஸில் மதகுக்கும் பாலத்துக்கும் படம் போடும்போது எண்ணெய்க் காகிதத்தை ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அவளுக்கு அது நினைவு வந்தது, முப்பது வருஷம் வந்தது. அந்த இருட்டறையில், அரிசிக் கஞ்சிப் பசையில், சவரத் தகட்டில், தலைக்குமேல் பல்லி பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு இறக்கை பண்ணினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு இறக்கை பண்ணினான். கண்ணாலே பார்க்கவில்லை, பேசவில்லை, ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பக்கத்து வீட்டில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டதும், இப்போது அவன் உட்காருவான் என்று இவளும் உட்காருவாள். அப்படி ஒரு சேர்க்கை பிறகு வாழ்க்கையில் வாய்த்ததா? வாய்த்தது, ஏன் வாய்க்காமல், சிவக்கொழுந்து தங்கமான மனுஷன். அது வேறு. இது வேறு. அறையிலிருந்து அவளை வெளியே விட்ட அன்றைக்கு, மத்தியானம் எல்லோரும் அசந்திருந்தபோது, கொல்லைச் சுவரில் அவன் உடலைப் பிடித்துக்கொண்டான். இவள் இறக்கையை வைத்தாள், கச்சிதம். அவன் தன்னுடையதை அந்தப் பக்கம் வைத்தான். முன்னால் இருக்க வேண்டிய தடித்த விளிம்பு பின்னால் போனது. திருப்பினான், இறக்கை குப்புறப் படுத்தது. மறுபடி திருப்பினான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டும் இடது. சிரித்தார்கள் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. “சரிடி, வலது...” என்று அவன் ஆரம்பித்தான். “தையலு! அங்க என்ன பண்றே?” என்று உள்ளேயிருந்து அம்மா. அவள் ஓடினாள். வலது யார் பண்ணுவது என்று பேசி முடிக்கவே இல்லை.

பேசி முடிக்கவே இல்லை, அதற்குள் அவன் அப்பாவுக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. சாமான் லாரி வாசலில் நிற்க, அவன் கொல்லைப் பக்கமாக வந்து உடலைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான். வரைபடமும் அவனுடைய இடதும் அவனோடு போயின. லாரி புகையைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, விமானத்துக்காக மட்டும் அழவில்லை என்று. அந்தப் பொங்கலுக்கு, மாட்டுக்குக் கட்டுகிற நெட்டி மாலை மிச்சம் கிடந்ததை உருவி, சீவி, அந்த மரத்தைப் போலவே எடையில்லாத அந்தச் சக்கையில் வலது இறக்கையைப் பண்ணினாள், தன் இடதையே கண்ணாடியில் காட்டிப் பார்த்துப் பார்த்துப் பண்ணினாள். பண்ணியவள் ஒட்டவில்லை. ஒருவேளை அவனும் பண்ணியிருந்தால்? அதற்கப்புறம் நெட்டியிலேயே ஒரு விமானம், இன்னொன்று, சம்பளம் வந்த பிறகு நிஜ மரத்தில், ரிமோட்டில் பறப்பதுகூட, ஞாயிறு காலையில் ஏரி மைதானத்தில் சின்னப் பையன்களோடு நின்று பறக்கவிட்டிருக்கிறாள். எல்லாம் பறந்தன. இது மட்டும் ஒற்றை இறக்கையோடு ஊர் ஊராக, குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வந்தது, வலது தனியாகப் பீரோவில் புடவைக்கு அடியில். எதற்குக் காத்திருக்கிறாய் என்று அவள் தன்னையே கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். வியாழக்கிழமைதான் வந்தது. ஒற்றை இறக்கையோடு இது தொங்குவதை அவன் பார்த்தால், பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, பத்திரிகை கையில் இருக்க, பார்த்தால், என்ன அர்த்தம்? இத்தனை வருஷமும் உனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று வாசலில் போர்டு எழுதி மாட்டிய மாதிரி ஆகாதா? வெட்கக்கேடு. அவன் பாட்டுக்கு மறந்துபோயிருப்பான், இவள் நெஞ்சு மட்டும் சீலிங்கில் தொங்கும். அதனால்தான் புடவைக்கு அடியிலிருந்து எடுத்தாள். அதனால்தான் ஒட்டினாள். பார், நானே முடித்துவிட்டேன், நீ வராவிட்டால் குடியா முழுகிவிட்டது, என்று அது சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மணி பார்த்தாள், இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரு விமானம் இறங்கியது, பொத்திக்கொண்டாள், ஓய்ந்தது. கிளிப் ஒன்றைத் தளர்த்திப் பார்க்கலாமா? பசையின் ஓரம் கண்ணாடியாக மாறத் தொடங்கியிருந்தது, நடுவில் இன்னும் வெள்ளை. ஒட்டிவிடும். கிளிப்பிலிருந்து விரலை எடுத்தாள். ஒட்டிவிட்டால் முடிந்தது. அவன் “வலது...” என்று ஆரம்பித்தது இத்தனை வருஷமாக அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கிறது, ஒட்டிவிட்டால் அது இறங்கிவிடும். அப்புறம் எதை நினைத்துக்கொண்டு புதுப் பெட்டியைப் பிரிப்பது, எதைத் தேடி முகர்வது? என்ன சொல்ல வந்தான்? வலது நான் பண்றேன்டி என்றா, நீ பண்ணிடு என்றா? போன் அடித்தது. திரும்பிய வேகத்தில் முழங்கை பருப்பு டப்பாவைத் தட்டிவிடப் பார்த்தது.

“கீழ நிக்கிறோம். லிஃப்ட் இல்லையா?” மூச்சு வாங்குகிற குரல். “இல்ல, ரெண்டே மாடிதான்” என்றாள். “சரி, இவளுக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் ஏறணும். எனக்கும் கைப்பிடியைப் பிடிக்க முடியாது, ஒரு கையில பத்திரிகைப் பை, ஒரு கையில...” நிறுத்தினான். பின்னால் ஒரு பெண் குரல், “சொல்லுங்களேன், வழியெல்லாம் மடியில வச்சுக்கிட்டு வந்துட்டு” என்று சிரித்தது. “வலது, தையல்” என்றான். அவள் மேஜையில் ஒட்டிக்கொண்டிருந்த இறக்கையைப் பார்த்தாள். “வலது இறக்கை. கோவில்பட்டி போன அந்த மாசமே பண்ணிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் குச்சியிலதான், கொஞ்சம் கனம் ஜாஸ்தி. வயசுப் பொண்ணுக்குப் பார்சல் அனுப்பினா உங்க வீட்ல என்ன நினைப்பாங்கன்னு அனுப்பல. என்னோட இடதை எம்பொண்ணு சின்னப்புள்ளையில ஒடச்சுட்டா, இதை மட்டும் யாரையும் தொட விட்டதில்ல. நீ... நீங்க அந்த உடலை வச்சிருக்கீங்களோ இல்லையோ, சும்மா எடுத்துட்டு வந்தேன்.” “மேல வா” என்றாள். வா என்றுதான் வந்தது.

போனை வைத்தாள். இரண்டாவது தடவையும் ஒரே இறக்கையை இரண்டு பேரும் பண்ணியிருக்கிறார்கள். சிரிப்புதான் முதலில் வந்தது, கொல்லைச் சுவரில் வந்த அதே சிரிப்பு. கிளிப்புகளைக் கழற்றினாள். நெட்டி இறக்கையின் வேரைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு பக்கமாகத் திருகினாள். நடுவில் இருந்த வெள்ளை நூல் நூலாக இழுபட்டது, பிறகு விட்டது. உடலில் காகிதம் கொஞ்சம் உரிந்தது, மரம் பிழைத்தது. முந்தானையால் பசையைத் துடைத்தாள், பட்டுப் புடவை, போனால் போகிறது. சிவக்கொழுந்து கதவருகில் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார். “இப்பத்தானே ஒட்டினே? நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார். “அளவு சரியில்லை” என்றாள். அவர் அவள் கையிலிருந்த இறக்கையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். படிக்கட்டில் ஒரு முழங்கால் வலியும் ஒரு மூச்சிரைப்பும் ஏறிவருகிற சத்தம். “கொடு, பீரோல நான் வச்சுடறேன். நீ போய்க் கதவைத் திற” என்று கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு போகிற போக்கில் ஹால் ஃபேனையும் போட்டுவிட்டுப் போனார்.

தலை முழுக்க நரை, முன்னால் கொஞ்சம் வழுக்கை, கண் மட்டும் அவன் கண். அவன் மனைவி அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். அவன் செருப்பைக் கழற்றினானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, மேஜைக்குத்தான் போனான். ஃபேன் காற்றில் ஒற்றை இறக்கை விமானம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. செய்தித்தாளைப் பிரித்துத் தன்னுடையதை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தான். தடித்த விளிம்பு முன்னால் வந்தது. குப்புறப் படுக்கவில்லை. கொஞ்சம் கனம், ஒரு பக்கமாக இழுக்கும், பறக்க விட்டால் நேராகப் போகாது என்று அவளுடைய கண் தானாகவே கணக்குப் போட்டது. அவன் நெடுநேரம் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தான், தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றாகப் பார்த்தான், மறுபடி மேஜையைப் பார்த்தான்.

“இவ்வளவும் பண்ணியிருக்கே. இதுக்கு மட்டும் வலது பண்ணாமலே வச்சிருந்தியா?”

உள்ளே பீரோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஆமா” என்றாள் தையல்நாயகி.